வேலூர் வெயில்ல ஆர்க்கிட் மறுபடியும் பூக்குமா? பூக்கும்!

காலையில போனைத் திறந்தா எங்க குடும்பக் குரூப்புல ஒரு வீடியோ. பூண்டை நசுக்கி ராத்திரி முழுக்க ஊற வெச்சு, அந்தத் தண்ணிய ஆர்க்கிட் செடிக்கு ஊத்தணுமாம். ஏழே நாள்ல கொத்துக் கொத்தாப் பூத்துடுமாம். அனுப்பினது எங்க சித்தி. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "உன் செடிக்கும் ஊத்திப் பாரேன் கண்ணு, பாவம் அது சும்மா இலையோட நிக்குது."

சித்தி மேல எனக்குக் கோவமே வரல. செடிய ஞாபகம் வெச்சிருக்காங்களே, அதுவே சந்தோஷம். (பூண்டுக்கும் இங்க பஞ்சமில்ல. மாடியில இருந்து இறங்கி லாங் பஜார்ல நாலு கடை நடந்தா மூட்டை மூட்டையா இருக்கு.)

கோவம் அந்த ஏழு நாள் மேலதான்.

ஏழு நாள்ல ஆர்க்கிட் பூக்காது. எதை ஊத்தினாலும் பூக்காது. நம்ம வீடுகள்ல இருக்கிற ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்டுக்கு, பூக்கறதுக்குத் தோதான குளிர் கிடைச்ச பிறகே பூத்தண்டு நம்ம கண்ணுக்குத் தெரிய ஒரு மாசம் கிட்ட ஆகும். அப்புறம் அது நீண்டு, மொட்டு விட்டு, முதல் பூ விரிய இன்னும் ரெண்டு மூணு மாசம். இந்தக் கணக்கு தெரியாம பூண்டு, அரிசி களைஞ்ச தண்ணி, வெங்காயத் தோல்னு ஒவ்வொண்ணா ஊத்திட்டு, கடைசியில "இந்தச் செடிக்கு ராசி இல்ல"ன்னு தூக்கிப் போடறாங்க பாருங்க. அதுதான் எனக்குத் தாங்கல.

ஏன்னா செடி மேல ஒரு தப்பும் இல்ல.

இந்தச் செடி நம்ம ஊருக்குள்ள எப்படி வருதுன்னு பாருங்க. கிரகப்பிரவேசத்துக்கு யாராவது பெங்களூர்ல இருந்து கொண்டு வருவாங்க. இல்லன்னா லால்பாக் கண்காட்சி பார்க்கப் போனவங்க ஆசைப்பட்டு ஒண்ணு வாங்கிட்டு வருவாங்க. வெள்ளையோ, ஊதாவோ, வளைஞ்ச தண்டு முழுக்கப் பூ. ரெண்டு மாசம், சில சமயம் மூணு மாசம் அப்படியே நிக்கும். அப்புறம் ஒவ்வொண்ணாக் கொட்டும். மிச்சம் ஒரு காய்ஞ்ச குச்சியும் நாலு தடிச்ச இலையும். நான் வாங்கின கடையிலயே ஒருத்தர் சொன்னார்: "பூ முடிஞ்சா அவ்வளவுதான்மா. அடுத்த தடவை புதுசு வாங்கிக்கங்க."

வருஷக்கணக்கா வாழ்ற செடிங்க இது! இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் காடுகள்ல மரத்து மேல ஒட்டிக்கிட்டு, பல வருஷம் பூத்துக்கிட்டே இருக்கற இனம். ஒவ்வொரு இலை தண்டோட சேர்ற இடத்துலயும், உள்ள மொட்டு ஏற்கெனவே உருவாகித் தூங்கிட்டு இருக்கு. நாம புதுசா எதையும் உண்டாக்க வேண்டியதில்ல. எழுப்பினா போதும்.

எழுப்பறது எது?

குளிர்ச்சி.

"ராத்திரி குளிரணும்"னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. பகலுக்கும் ராத்திரிக்கும் பத்து டிகிரி வித்தியாசம் வேணும்னு ஒரு கணக்கு வேற ஊர் பூரா சுத்துது. நானும் மார்கழி ராத்திரில தொட்டிய மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போய், விடிஞ்சதும் கீழ கொண்டாந்துன்னு ஒரு சீசன் முழுக்கப் பண்ணிப் பார்த்தேன். இலை விட்டுச்சு. வேர் விட்டுச்சு. பூத்தண்டு மட்டும் வரல. ஏன்னு தேடிப் போனப்பதான் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துல மேத்யூ பிளான்சர்டும் எரிக் ரங்கிளும் 2006ல வெளியிட்ட ஆராய்ச்சி கிடைச்சுது. பகல்ல 29 டிகிரில வெச்ச செடி, ராத்திரி 17க்கு இறக்கினாலும் தண்டு விடல. பகல் 23, ராத்திரி 17ன்னு வெச்ச செடிகள்ல பெரும்பாலானது தண்டு விட்டுடுச்சு. அதாவது விஷயம் ராத்திரில இல்ல, பகல்ல இருக்கு!

இதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே. வேலூர்ல ஏன் ஆர்க்கிட் மறுபடி பூக்க மாட்டேங்குதுங்கறதுக்கு அந்த ஒரு வரியில பதில் இருக்கு.

நம்ம ஊர் மார்கழியில ராத்திரி நல்லாவே குளிரும். சுத்தி இருக்கற பாறை மலைகளைத் தாண்டி விடியக்காலைல பனி இறங்கும். கோட்டை அகழி மேல புகை மாதிரி நிக்கும். ஆனா பதினோரு மணிக்கு மேல வெயில் வந்துட்டா வெளியில 28, 29னு ஏறிடும். அந்த ரெண்டு மூணு டிகிரிதான் செடிக்குத் தடை. 26க்குக் கீழ பகல் பொழுது சில வாரம் கிடைச்சா அது எழுந்துக்கும். 28ஐத் தாண்டினா இலை வளர்க்கப் போயிடும்.

அப்போ நமக்கு வாய்ப்பே இல்லையா? இருக்கு. மூணு வழி இருக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி, புயல்.

சிரிக்காதீங்க. ஐப்பசி, கார்த்திகையில வங்கக் கடல்ல ஒரு தாழ்வு மண்டலம் வந்தா நமக்கு என்ன கிடைக்குது? நாள் முழுக்க மேகம். வெயிலே இல்லாத பகல். 2022 டிசம்பர்ல மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரை கடந்துச்சே, அப்போ மத்தியானத்துலயே போர்வை தேடினோம். எங்க வீட்டு வடக்குப் பக்க அறையில பகல்லயே 24க்கு மேல ஏறல. அந்த மாதிரி நாட்கள் செடிக்குத் திருவிழா. அதை வீணாக்காம, அடுத்து வர்ற மார்கழி, தை பகல்களையும் 26ஐத் தாண்ட விடாம இழுத்துப் பிடிச்சாப் போதும். வடக்கு அறை, மொசைக் தரையில தண்ணி தெளிக்கறது, ஜன்னல்ல ஈரச் சாக்கு. (நல்ல கோணிச் சாக்கு வேணும்னா லாங் பஜார் அரிசிக் கடைல கேளுங்க. பிளாஸ்டிக் சாக்கு தண்ணிய உறிஞ்சாது.) பத்து மணிக்கு மேல ஜன்னலைச் சாத்திடணும். சாயந்திரம் திறந்துடணும். ஒரு தெர்மாமீட்டர் தொட்டி பக்கத்துலயே தொங்கட்டும், ஊகத்துல போக வேணாம்.

ரெண்டாவது வழி, ஏசி. நம்ம ஊர் ஆஸ்பத்திரி ஊர். எங்க பார்த்தாலும் கிளினிக், ஸ்கேன் சென்டர், மருந்துக் கடை. பகல் முழுக்க ஏசி ஓடற வரவேற்பு மேசையில, ஜன்னல் வெளிச்சம் விழற இடத்துல வெச்ச ஆர்க்கிட் தானாத் தண்டு விட்டதை நான் பார்த்திருக்கேன். அங்க வேலை செய்யற பொண்ணு "எனக்கு ராசியான கை அக்கா"ன்னு சொல்லிச்சு. ராசியான கைதான். ஒழுங்காத் தண்ணி ஊத்தியிருக்கே! கூட 24 டிகிரியும் சேர்ந்துக்கிச்சு.

மூணாவது, ஏலகிரி.

ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி, பொன்னேரில திரும்பி, 14 கொண்டை ஊசி வளைவு ஏறினா ஆயிரம் மீட்டருக்கு மேல ஒரு குளிர்ச்சி. நம்ம ஊரை விட அஞ்சு டிகிரி கிட்ட குறைவு. அங்க எங்க அம்மா வழி உறவு ஒருத்தங்க இருக்காங்க. கார்த்திகையில செடிய அவங்க வீட்டுத் திண்ணைல விட்டுட்டு, தண்டு எட்டிப் பார்த்ததும் போய்க் கொண்டாந்துட்டேன். "செடியப் போய் பிரசவத்துக்கு அனுப்பின மாதிரி அனுப்புறியே"ன்னு எங்க அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. ஆனா இது ஒண்ணும் விசித்திரம் இல்ல. தைவான்ல ஃபலனாப்சிஸை வியாபாரமா வளர்க்கறவங்களும் பூ வரவழைக்க செடிகளை மலைமேல ஏத்தியிருக்காங்க. தண்டு ஒரு விரல் நீளம் வந்துட்டா அப்புறம் கீழ கொண்டாந்தாலும் பூத்துடும். கடும் வெயில் தொடங்கறதுக்குள்ள விரிஞ்சிட்டா நல்லது, அவ்வளவுதான்.

சரி, இப்போ நம்ம பகுதியோட பெரிய பிரச்சினைக்கு வரேன். தண்ணி.

ஆர்க்கிட் பத்தி வர்ற புத்தகம், வீடியோ எதுலயும் இதுக்கு ஒரு வரிக்கு மேல இருக்காது. அவங்க ஊர்ல குழாயத் திறந்தா நல்ல தண்ணி வருது. நமக்கு அப்படியா? ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடின்னு பாலாறு நெடுக தோல் பதனிடற ஷாப்புங்க. தோல் கெடாம இருக்க உப்புல போட்டுத்தான் வரும். அதை ஊறப் போட்டுக் கழுவின உப்புத் தண்ணி எத்தனையோ வருஷமா நிலத்துல இறங்கியிருக்கு. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் 1996ல தீர்ப்பு கொடுத்துச்சே, நாடு முழுக்க சட்டக் கல்லூரில படிக்கற தீர்ப்பு, அது இந்தத் தண்ணியப் பத்தித்தான். தோல் வேலையில எத்தனை ஆயிரம் குடும்பம் சாப்பிடுதுன்னு எனக்குத் தெரியும், எங்க சொந்தத்துலயே ஷூ கம்பெனிக்குப் போறவங்க இருக்காங்க. ஆனாலும் கிணத்துத் தண்ணிய வாயில வெக்க முடியலங்கறதும் நிஜம்தானே.

மனுஷனுக்கே ஆகாத தண்ணி ஆர்க்கிட் வேருக்கு எப்படி ஆகும்?

தண்ணில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கிடுங்க, பேனா அளவுல இருக்கும். குடிதண்ணிக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லதுங்குது, வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும். இது நமக்கான அளவு. ஆர்க்கிட்டுக்கு 200க்குள்ள இருந்தாத்தான் நிம்மதி. நம்ம பக்கத்து போர்த் தண்ணி சர்வ சாதாரணமா ஆயிரத்தைத் தாண்டும். அதை ஊத்தினா என்ன ஆகும்னா, வேரோட பச்சை நுனி கருகி நின்னுடும், இலை நுனி காயும், தொட்டி விளிம்புல வெள்ளையாப் பூக்கும். (உப்புதான் பூக்குது, செடி பூக்கல.) வேர் நின்னுட்டா இலை வளராது, இலை இல்லாத செடி எத்தனை குளிர் வந்தாலும் தண்டு விடாது. ஆளுங்க இதைப் பார்த்துட்டு "உரம் பத்தல"ன்னு இன்னும் கொஞ்சம் உரம் போடுவாங்க. உரமும் உப்புதான்!

நான் ஊத்தறது மழைத்தண்ணி. மாடித் தண்ணி இறங்கற குழாய்ல முதல் மழைய விட்டுட்டு, அடுத்த மழையில டிரம்முல பிடிச்சு வெச்சுக்கறேன். மூடி இறுக்கமா இருக்கணும், கொசு முட்டை வெச்சுடக் கூடாது. மழைத்தண்ணி தீர்ந்தா ஏசில இருந்து சொட்டற தண்ணி, அதுவும் இல்லன்னா ஆர்ஓ தண்ணி. காவிரித் தண்ணி வர்ற நாள்ல அதையும் மீட்டர்ல பார்த்துட்டு ஊத்துவேன். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ற கழிவுத் தண்ணிய மட்டும் தயவுசெஞ்சு ஊத்திடாதீங்க. மொத்த உப்பும் அதுலதான் இருக்கு.

எப்போ ஊத்தணும்னு கேட்டா, வேரைப் பாருங்க. வெள்ளி நிறத்துல இருந்தா தாகம். பச்சையா இருந்தா விட்டுடுங்க. காலையில ஊத்துங்க, இலை நடுவுல இருக்கற குருத்துக்குள்ள தண்ணி தேங்கினா துணியால ஒத்தி எடுத்துடுங்க. காட்டுல இந்தச் செடி மரத்துல சாய்ஞ்சு தொங்கும், அதனால தண்ணி தானா வழிஞ்சுடும். தொட்டில நேரா நிக்கறதால குருத்து அழுகிடுது.

ஐஸ் கட்டி வெக்கறதப் பத்தியும் கேட்கறாங்க. வாரத்துக்கு மூணு ஐஸ் கட்டி வெச்சா செடி கெடாதுன்னு 2017ல அமெரிக்காவுல ஆராய்ச்சியே வந்திருக்கு. கெடாது, சரி. ஆனா அது தண்ணி ஊத்தற ஒரு முறை, அவ்வளவுதான். ஐஸ் வெச்சா பூக்கும்னு நம்பாதீங்க. செடியச் சுத்தி இருக்கற காத்து குளிரணும்.

தொட்டி விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிடறேன். மண் கூடவே கூடாது. பக்கவாட்டுல ஓட்டை போட்ட மண் தொட்டி, உள்ள மரக்கரி, தேங்காய் மட்டைத் துண்டு, கொஞ்சம் ஓட்டாஞ்சில்லு. கரி எனக்கு எங்க தெரு முனை பாய் கடையில கிடைக்குது. "பிரியாணி தம்முக்கா பாப்பா?"ன்னு கேட்டார். செடிக்குன்னதும் நல்ல கட்டியாப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார். தேங்காய் மட்டைய நாலஞ்சு தடவை தண்ணி மாத்தி ஊறப் போடுங்க, அதுலயும் உப்பு இருக்கும். கடையில இருந்து வர்றப்போ வேரைச் சுத்தி இறுக்கமாப் பாசி அடைச்சிருப்பாங்க. பூ முடிஞ்சதும் அதை எடுத்துடுங்க, நம்ம சூட்டுல அது உள்ளயே வெந்து அழுகும்.

வெளிச்சம்? கிழக்கு ஜன்னல். இலைக்கு ஒரு அடி மேல கைய நீட்டினா நிழல் மங்கலாத் தெரியணும். அழுத்தமா விழுந்தா வெயில் ஜாஸ்தி, விழவே இல்லன்னா வெளிச்சம் பத்தல. கரும்பச்சை இலையப் பார்த்து நிறைய பேர் சந்தோஷப்படறாங்க. அது வெளிச்சத்துக்கு ஏங்கற இலை. கொஞ்சம் வெளிறின பச்சைதான் பூக்கற செடிக்கு அடையாளம். மூட்டை ஏத்தி இறக்கற தெருவுல இருக்கறவங்க வாரத்துக்கு ஒரு தடவை இலையை ஈரத் துணியால துடைச்சே ஆகணும். தூசிதான் பாதி வெளிச்சத்தைத் தின்னுடும்.

உரம், உரக்கடையில கிடைக்கற 19:19:19. லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு தடவை, ஈரமான வேருக்கு. மாசம் ஒரு தடவை வெறும் தண்ணியால நல்லா அலசி விடணும்.

கத்திரி வெயில் நாள்ல செடிகிட்ட எதையும் எதிர்பார்க்காதீங்க. 40ஐத் தாண்டற நாள்ல அது உயிரோட, இலை சுருங்காம இருந்தாலே பெரிய விஷயம். ஈரச் சாக்கு, நிழல், காத்தோட்டம், அவ்வளவுதான்.

தண்டு வந்துடுச்சுன்னு வெச்சுக்கங்க. (வேர் நுனி உருண்டையா வழவழன்னு இருக்கும். தண்டு நுனி தட்டையா, ஒரு பக்கம் கூரா இருக்கும். அதுவா இதுவான்னு ரெண்டு வாரம் குழம்புற சுகம் தனி!) அதுக்கப்புறம் தொட்டியத் திருப்பாதீங்க, தண்டு வெளிச்சத்தைப் பார்த்தே வளரும். முக்கியமா, பழுக்கற வாழைத்தார், மாம்பழக் கூடை பக்கத்துல வெக்காதீங்க. பழுக்கறப்போ வர்ற எத்திலீன் வாயு பட்டா மொட்டு விரியாமயே மஞ்சளாகி உதிரும். எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல பூஜை அறைப் பழத்தட்டு பக்கத்துல வெச்சு, அத்தனை மொட்டும் ஒரே வாரத்துல போச்சு. அந்த அக்கா அழுதே அழுதுட்டாங்க.

போன வருஷம் நடந்த ஒண்ணைச் சொல்லியே ஆகணும். எங்க தெரு பக்கத்து லாட்ஜுல அசாம்ல இருந்து வந்த ஒரு அம்மா தங்கியிருந்தாங்க, கணவர் சிகிச்சைக்காக. காய் வாங்க வர்றப்போ தினம் எங்க வீட்டு ஜன்னலை அண்ணாந்து பார்ப்பாங்க. ஒரு நாள் படியேறியே வந்துட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இந்தில பேசினோம். அவங்க ஊர்ல வீட்டு மரத்துலயே ஆர்க்கிட் தொங்குமாம், கொபௌ பூன்னு. அசாமோட மாநிலப் பூ அதுதான். நம்ம சித்திரை முதல் நாள் வர்ற சமயத்துல அவங்களுக்குப் பிஹு. பொண்ணுங்க அந்தப் பூங்கொத்தைக் கொண்டையில சுத்தி வெச்சுக்கிட்டு ஆடுவாங்களாம். "இந்தச் செடிக்கு உங்க ஊரு சூடு. சூட்டுல பூக்கறதையும் ஒண்ணு வளருங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. ஊருக்குத் திரும்பறதுக்கு முன்னாடி என் செடியோட முதல் பூவை அவங்க பார்த்துட்டாங்க, அதுல எனக்கு அவ்வளவு நிறைவு.

அவங்க சொன்னதும் சரிதான். ஃபலனாப்சிஸ் வேணாம், குளிரோட மல்லுக்கட்ட முடியாதுங்கறவங்க டென்ட்ரோபியம் வாங்குங்க. கேரளாவுல வீட்டுக்கு வீடு வளர்க்கறாங்களே, அந்த ஊதாக் கலப்பினம். நல்ல வெளிச்சமும் தாராளமாத் தண்ணியும் (உப்பில்லாத தண்ணி!) கொடுத்தா, புதுத் தண்டு முத்தினதும் நம்ம சூட்டுலயே பூக்கும். பழைய தண்டை இலை உதிர்ந்துடுச்சேன்னு வெட்டிடாதீங்க, அதுலயும் மறுபடி பூ வரும்.

இன்னொண்ணு, நம்ம மண்ணோடது. வாண்டா டெசெலேட்டா. நம்ம பக்கத்து வறண்ட மலைக் காடுகள்ல, மா, புளி மரங்கள்ல தானா வளரற ஆர்க்கிட். பழுப்பு கட்டம் போட்ட இதழ், ஊதா உதடு, நல்ல வாசனை. வெயில் காலத்துலயே பூக்கும். காட்டுல இருந்து பிடுங்கிட்டு மட்டும் வராதீங்க, ஏற்கெனவே குறைஞ்சுட்டு வருது. நர்சரில வளர்த்த செடியா கேட்டு வாங்குங்க. நேர்ல பார்க்க ஆசைன்னா ஏற்காட்டுக்குப் போங்க. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 1963ல தொடங்கின ஆர்க்கிட் பூங்கா அங்க இருக்கு. ஒரு நாள் முழுக்க நின்னு பார்க்கலாம்.

சித்திக்கு இதையெல்லாம் சுருக்கிச் சொல்லியிருக்கேன். இந்த ஐப்பசிக்கு அவங்க ஆம்பூர் வீட்டுச் செடியும் ஏலகிரிக்குப் போகுது. அதுவரைக்கும் போர்த் தண்ணிய நிறுத்தச் சொல்லி, என் டிரம்முல இருந்து ரெண்டு கேன் மழைத்தண்ணி கொடுத்து அனுப்பியிருக்கேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுல ஆர்க்கிட் வளர்க்கறவங்க உங்க வீட்டுத் தண்ணியோட டிடிஎஸ் எவ்வளவுன்னு சொல்லுங்க. எந்தத் தெருவுல எந்தத் தண்ணி செடிக்கு ஒத்துக்குதுன்னு நாமளே ஒரு கணக்கு எடுத்துடலாம்.